ஆட்கள் நம்மை நம்பி வேலை செய்ய என்ன செய்வது? மொரிஷியஸ் தொழிற்சாலைகளில் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் கேட்கும் கேள்விகள்

திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து மொரிஷியஸ் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு லைன் சூப்பர்வைசராகவும் புரொடக்ஷன் மேனேஜராகவும் வருகிறவர்கள் உண்டு. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அந்தப் பொறுப்புக்கு வருகிறார்கள். அப்படி வருகிறவர்களைப் பழக்கும் வேலை பல வருஷமாக என் கையில் இருக்கிறது. மெஷினைப் பற்றி அவர்கள் கேட்பது குறைவு, ஆட்களைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். நான் பார்த்தவரை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் நமக்கு நஷ்டம் என்று வரும் நேரத்தில் நாம் என்ன செய்கிறோம் என்பதைத்தான் தொழிலாளி கவனிக்கிறார். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே இருக்கும். சட்டம் என்று நான் சொல்வதெல்லாம் 2019ஆம் ஆண்டுத் தொழிலாளர் உரிமைச் சட்டம்.

சேர்ந்த புதிதில் ஆட்களிடம் நல்ல பெயர் வாங்க என்ன செய்யலாம்?

அவசரப்படாதீர்கள். முதல் வாரமே எல்லாரிடமும் சிரித்துப் பேசி, "எதுவா இருந்தாலும் என்கிட்ட வாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். நம்பி வந்தவரிடம் "பார்க்கலாம்" என்று கையை விரிக்கிறார்கள். அதற்கு அந்த வார்த்தையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

முதலில் பெயர்களைப் படியுங்கள். லைனில் முப்பது பேர் இருந்தால் முப்பது பெயரும் சரியாக வாயில் வர வேண்டும். மடகாஸ்கரிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் லைனில் இருப்பார்கள். மடகாஸ்கர் பெயர்கள் நீளமானவை, ராக்கோட்டோ என்று தொடங்கும் பெயரே ஒரு லைனில் இரண்டு மூன்று இருக்கும். கஷ்டம்தான். அதற்காக "ஏய் மடகாஸ்கர்", "ஏய் பங்களா" என்று கூப்பிடுகிறவரை யாரும் மனதார மதிப்பதில்லை.

அப்புறம், அவர்கள் கையில் இல்லாத கோளாறுகளைச் சரிசெய்யுங்கள். ஓடாத ஃபேன், தண்ணீர் வராத குழாய், மெக்கானிக் வருவதற்காக அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் ஓவர்லாக் (துணியின் ஓரம் தைக்கும் மெஷின்) ஆப்பரேட்டர். அந்த அரைமணி நேரத்தை ரெஜிஸ்டரில் "மெஷின் கோளாறு" என்று எழுதுங்கள். சாயங்காலம் டார்கெட் குறைந்ததற்கு அவர் பதில் சொல்ல வேண்டி வரக் கூடாது. நீங்கள் எழுதியதை அவர் பார்ப்பார், பக்கத்து மெஷினில் இருப்பவரும் பார்ப்பார்.

சம்பளத்தைக் கூட்டினால் விசுவாசம் தானாக வந்துவிடாதா?

சம்பளம் முக்கியம். "பணமே எல்லாம் ஆகிவிடாது" என்று சொல்கிற மேலாளர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் போதிய பணம் வாங்குகிறவர்கள்தான்.

1913இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் கார் தொழிற்சாலையில் ஆட்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒரு வருஷத்தில் ஆள் மாறும் விகிதம் சுமார் 370 சதவீதம். 1914 ஜனவரியில் எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார், அதாவது முன்பு கொடுத்ததைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆட்கள் போவது மளமளவென்று குறைந்தது. ஆனால் அந்த 5 டாலரில் பாதி, லாபப் பங்கு என்ற பெயரில் நிபந்தனையோடு வந்தது. தொழிலாளி குடிக்கிறாரா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாரா என்று பார்க்க வீட்டுக்கே ஆள் அனுப்பினார்கள். பணம் ஆட்களை நிறுத்தி வைத்தது. கம்பெனிமேல் அவர்களுக்கு நம்பிக்கை வந்ததா என்பது வேறு கேள்வி.

உங்கள் நிலைமைக்கு வருவோம். சூப்பர்வைசரால் சம்பளத்தைக் கூட்ட முடியாது. ஆனால் உழைத்த காசு ஒரு ரூபாய்கூட விடுபடாமல், சொன்ன தேதியில் வந்து சேருகிறதா என்று பார்க்க முடியும். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

பே ஸ்லிப்பில் தப்பு இருக்கிறது என்று வந்தால் "அக்கவுண்ட்ஸில் கேள்" என்று அனுப்பிவிடலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

வாரத்துக்கு 45 மணி நேரம் சாதாரண வேலை. அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றரை மடங்கு, பொது விடுமுறை நாளில் செய்வதற்கு இரண்டு மடங்கு. கணக்கு எளிது. ஆனாலும் ஷிப்மென்ட் நெருக்கும் மாதங்களில் ஓவர்டைம் விடுபடுவது நடக்கிறது. பெரும்பாலும் அது திருட்டு இல்லை: வருகைக் கார்டு சரியாகப் பதியாமல் போயிருக்கும், அல்லது ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு மாற்றிய அன்று இரண்டு சூப்பர்வைசரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

எங்கள் இடத்தில் செக்கிங் டேபிளில் ஒரு பங்களாதேஷ் பெண் இருந்தார். சம்பள நாள் அன்று பே ஸ்லிப்பை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரம் முடியும் வரை சூப்பர்வைசரின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார், வாயைத் திறக்கவில்லை. அந்த சூப்பர்வைசர் ஈரோட்டுத் தம்பி. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தார். கார்டு விவரத்தை வாங்கி வந்து, தேதி தேதியாகப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் காணோம். அப்போதே அக்கவுண்ட்ஸுக்குப் போய், அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறோம் என்று அவர்கள் சொன்னதை ஒப்புக்கொள்ளாமல், அந்த வாரமே வாங்கிக் கொடுத்தார். ஒரு நாள் கூலி கம்பெனிக்குப் பெரிய காசில்லை. ஊரில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குத் தேதி பார்த்து அனுப்புகிறவருக்கு அது பெரிய காசு. அதன்பிறகு அந்த டேபிளில் யாரும் குறைபாடுள்ள பீஸை மறைத்து அனுப்பவில்லை. "அண்ணா, இது சரியில்லை" என்று அவர்களே எடுத்துக் காட்டினார்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைக் கொண்டுவர முடிந்ததில்லை.

வருஷக் கடைசி போனஸும் இப்படித்தான். பதின்மூன்றாவது மாதச் சம்பளம் சட்டப்படி உரியது, முதலாளி தரும் அன்பளிப்பு இல்லை. அதில் 75 சதவீதம் டிசம்பர் 25க்குக் குறைந்தது 5 முழு வேலை நாட்களுக்கு முன்பும், மீதி டிசம்பரின் கடைசி வேலை நாளுக்குள்ளும் கைக்கு வர வேண்டும். ஏதோ தயவு செய்கிற மாதிரி அதை நீட்டாதீர்கள்.

உள்ளூர்த் தொழிலாளர்கள் மேற்பார்வை செய்கிறவர்களைச் சந்தேகத்தோடே பார்ப்பது ஏன்?

இந்தத் தீவின் வேலைக் கதை தெரிந்தால் புரியும். 1834 நவம்பர் 2ஆம் தேதி அட்லஸ் கப்பலில் ஒப்பந்தக் கூலிகள் போர்ட் லூயியில் இறங்கினார்கள். அந்த நாள் இன்றும் பொது விடுமுறை. அப்படி வந்தவர்கள் ஏறிய படிகள் 'ஆப்ரவாசி காட்' என்ற பழைய இறங்குதுறையில் இன்னும் இருக்கின்றன. கரும்புத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்தார்கள். அந்தப் பிடித்தத்தைக் கணக்கில் ஏற்ற உதவியவர்களில் சர்தார்களும் இருந்தார்கள், அதாவது கூலிகளை மேற்பார்த்த, தொழிலாளியின் மொழியே பேசுகிறவர்கள். இதை நம்மவர்கள் நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். "நானும் தமிழன்தானே, என்னை ஏன் நம்பவில்லை" என்று கேட்பவருக்கு இதில் பதில் இருக்கிறது.

1943 செப்டம்பர் 27இல் பெல் வூ ஹரெலில் கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்கள்மேல் போலீஸ் சுட்டது. இறந்தவர்களில் ஒருவர் அஞ்சலை குப்பன், தமிழ்ப் பெண், கர்ப்பிணி. பெல் வூவில் உள்ள விளையாட்டரங்கத்துக்கு அவர் பெயர்தான். 1970க்குப் பிறகு ஏற்றுமதி மண்டலத் தொழிற்சாலைகள் வந்தன, பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தையல் வேலைக்குப் போனார்கள். 2000களில் பல தொழிற்சாலைகள் மூடப்பட்டன. கதவு சாத்தியிருந்த கேட் முன்னால் நின்ற அம்மாக்களின் பிள்ளைகள் இன்று உங்கள் லைனில் இருக்கலாம். அவர்களுடைய சந்தேகம் உங்கள்மேல் வந்த தனிப்பட்ட கோபம் இல்லை, வீட்டில் கேட்டு வளர்ந்தது. பேசிக் கரைக்க முடியாது. மாதக்கணக்கில் ஒழுங்காக நடந்துகாட்டித்தான் குறைக்க முடியும்.

எல்லாருக்கும் பண்டிகை. எல்லாருக்கும் லீவு கொடுத்தால் லைன் எப்படி ஓடும்?

வருஷ ஆரம்பத்தில் ஒரு பெரிய காலண்டரைச் சுவரில் மாட்டி, எல்லாருடைய நாட்களையும் அதில் குறித்துவிடுங்கள். தைப்பூசக் காவடி, மகா சிவராத்திரி, சீனப் புத்தாண்டு, உகாதி, ஈத், விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ் எல்லாம் பொது விடுமுறைகள். அவை பிரச்சினை இல்லை. விடுமுறைக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களில்தான் சங்கடம்.

காவடி எடுப்பவர் பத்து நாள் விரதம் இருக்கிறார். இங்கே அதை கரேம் என்பார்கள். விரதம் இருப்பவரை நீராவி இஸ்திரிப் பக்கம் ஓவர்டைமுக்கு நிறுத்தாதீர்கள். சிவராத்திரிக்கு கங்கா தலாவ் என்ற புனித ஏரிக்கு நடந்து போகிறவர்கள், தோளில் சுமக்கும் அலங்கரித்த காவடத்தோடு இரண்டு மூன்று நாள் சாலையில் இருப்பார்கள். கத்தோலிக்கப் பாதிரியார் பெர் லவாலின் கல்லறைக்குப் போகும் யாத்திரை செப்டம்பர் 8 இரவு. கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, மற்றவர்களும் அந்தக் கல்லறை உள்ள சென்ட் குருவாவுக்கு நடந்து போவார்கள், மறுநாளோ விடுமுறை இல்லை. நம் சித்திரை வருஷப் பிறப்பும் பொது விடுமுறைப் பட்டியலில் இல்லை. ஒரு வருஷம் முழுக்க வேலை செய்தவருக்கு மொத்தம் 22 நாள் வருடாந்திர விடுப்பு உண்டு. அதிலிருந்து இந்த நாட்களை முன்கூட்டியே பேசி ஒதுக்கிவிட்டால் அந்தக் காலையில் லைன் காலியாக இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

தமிழரான நீங்கள் பெர் லவால் யாத்திரையை ஞாபகம் வைத்திருந்து, "நாளைக்கு காலையில் கொஞ்சம் லேட்டா வாங்க" என்று நீங்களாகச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் ஷிப்மென்ட் நாளில் உதவி கேட்கும்போது அவர்களே முன்வருவார்கள். ஆனால் அந்த உதவிக்காகக் கணக்குப் போட்டுச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் ஆட்களை எப்போது அனுப்புவது? ஆர்டர் நிற்கிறதே?

சீக்கிரம் அனுப்புங்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் "ஆனால்" கிடையாது.

இங்கே புயல் எச்சரிக்கையில் நாலு வகுப்புகள். சில மணி நேரத்துக்குள் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வரக்கூடும் என்றால் மூன்றாம் வகுப்பு. அது அறிவித்ததும் வேலை நிற்கும், பஸ்ஸும் நிற்கும். மூன்றாம், நான்காம் வகுப்பு நடப்பில் இருக்கும்போது யாராவது வேலை செய்தால் வழக்கமான கூலி போக, மணிக்கு அடிப்படைக் கூலியின் மூன்று மடங்கும் இலவசச் சாப்பாடும் தர வேண்டும்.

ஆபத்து எச்சரிக்கைக்குள் அடங்கி வருவதில்லை. 2024 ஜனவரி 15ஆம் தேதி பெலால் புயலின்போது காலையில் வேலைக்குப் போனவர்கள் பலர் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். போர்ட் லூயி தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனதை எல்லாரும் ஃபோனில் பார்த்தோம். 2013 மார்ச் 30ஆம் தேதி அதே நகரத்தில் திடீர் வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள், அன்று புயல்கூட இல்லை. வானம் கறுத்து, தூரத்துக் கிராமத்துப் பெண்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, "இன்னும் அறிவிப்பு வரலையே" என்று மெஷினை ஓட்டச் சொல்கிற மேலாளரை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். டார்மிட்டரியில் (கம்பெனி விடுதியில்) தங்குகிறவர்களுக்கும் அன்று சாப்பாடு, தண்ணீர், டார்ச் இருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

நம்ம ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்தால் என்ன தப்பு?

தப்புதான். அவர்களுக்கே கெடுதலாக முடியும். ஒரு லைனில் தமிழ், பெங்காலி, மடகாஸ்கரின் மலகாசி, இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் எல்லாம் ஓடும்போது யாருக்கு நல்ல ஆபரேஷன் கிடைக்கிறது, யாருக்கு நல்ல மெஷின் கிடைக்கிறது என்று எல்லாரும் கணக்கு வைத்திருப்பார்கள். நம் ஊர்ப் பையனுக்குக் காலர் வைக்கும் கைத்திறன் வேலை, மற்றவர்களுக்கு சைடு சீம் (பக்கத் தையல்) என்று ஆனால் அவன் உண்மையிலேயே கெட்டிக்காரனாக இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அவனைத் தனியாக ஒதுக்குவார்கள்.

ஒரு நடைமுறை யோசனை: கூட வேலை செய்கிறவரைப் பற்றி, அவர் முன்னாலேயே, அவருக்குப் புரியாத மொழியில் பேசாதீர்கள். தமிழில் இருவர் சிரித்தால் மூன்றாமவர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நினைப்பது இயற்கை. ஊர்ப் பேச்சைச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிரியோல் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

முடியும், கொஞ்ச நாளைக்கு. அதற்குள் பேசப் பழகிக்கொள்ளுங்கள். தப்பும் தவறுமாகப் பேசினாலும் பரவாயில்லை, இங்கே உள்ளவர்கள் சந்தோஷமாகத் திருத்துவார்கள்.

பாஸ்போர்ட்டைப் பத்திரமாக ஆபீஸில் வைத்துக்கொள்ளலாமா? தொலைத்துவிடுகிறார்களே.

வேண்டாம். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பது கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்று என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பே சொல்கிறது. டார்மிட்டரியில் அவரவருக்குப் பூட்டும் சாவியும் உள்ள சின்ன லாக்கர் கொடுக்கச் சொல்லுங்கள், முடிந்தது. பாஸ்போர்ட் தன் கையில் இருந்தும் ஒருவர் உங்களிடம் வேலை செய்கிறார் என்றால்தான் விசுவாசம் என்ற பேச்சுக்கே இடம் உண்டு.

தப்பு செய்கிறவர்களைக் கண்டித்தால் நம்பிக்கை போய்விடாதா? நல்லவராக இருந்தால் போதாதா?

மேலாண்மை ஆய்வாளர்கள் மூன்று பேர் 1995இல் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஒருவரை நம்புவதற்கு மூன்று காரணங்கள்: அவருக்கு வேலை தெரியும், நம்மேல் அக்கறை உண்டு, சொல்லும் செயலும் ஒன்று. இதில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. பாசமான சூப்பர்வைசருக்கு லைன் பேலன்ஸ் செய்யத் (வேலையை எல்லாருக்கும் சமமாகப் பிரிக்க) தெரியாவிட்டால் ஒருவர் மேஜையில் பீஸ் மலைபோல் குவியும், அடுத்தவர் சும்மா இருப்பார், கடைசியில் எல்லாரும் இரவு எட்டு மணி வரை உட்கார வேண்டி வரும். அந்தப் பாசத்தால் யாருக்கு என்ன லாபம்?

கண்டிப்பு யாரையும் விரட்டாது, ஆளுக்கு ஆள் மாறும் கண்டிப்புதான் விரட்டும். தாமதமாக வந்தவரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள், லைன் நடுவில் சத்தம் போடாதீர்கள். சூப்பர்வைசர்கள் வேலை சொல்லும்போது கத்துவது நம் ஊரில் பல தொழிற்சாலைகளில் பழக்கம். அதைத் தயவுசெய்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு வராதீர்கள்.

விஷயம் பெரிதாகி வேலையை விட்டு நீக்கும் அளவுக்குப் போனால் சட்டம் வழி சொல்கிறது. தவறு நிர்வாகத்துக்குத் தெரிய வந்த 10 நாட்களுக்குள் குற்றச்சாட்டைத் தெரிவிக்க வேண்டும். பதில் சொல்லக் குறைந்தது 7 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும். விசாரணைக்கு அவர் யூனியன் பிரதிநிதியையோ வக்கீலையோ அழைத்து வரலாம். காரணமில்லாமல் நீக்கினால் ஒவ்வொரு 12 மாத வேலைக்கும் 3 மாதச் சம்பளம் வரை கணக்குப் போகும். வழக்குப் பயத்துக்காக மட்டும் இதைப் பின்பற்றாதீர்கள். நீக்கப்படுகிறவரை மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்குத் தன்மேல் ஒரு புகார் வந்தால் தன் பக்கத்தையும் கேட்பார்களா என்று ஒவ்வொருவரும் அப்போதுதான் முடிவு செய்கிறார்கள்.

ஆர்டர் குறைகிறது, ஆட்குறைப்பு வரலாம் என்று மேலிடத்தில் பேச்சு. ஆட்கள் கேட்டால் என்ன சொல்வது?

பொய் சொல்லாதீர்கள். "ஒண்ணும் இல்லை, எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லி, அடுத்த மாதம் கடிதம் கொடுத்தால், மிச்சம் இருப்பவர்களும் உங்களை நம்ப மாட்டார்கள். எல்லாவற்றையும் கொட்ட உங்களுக்கு அனுமதி இருக்காது, அதுவும் நியாயம். "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவு. இதுக்கு மேல சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கூட்டம் முடிஞ்சதும் உங்களுக்கு முதல்ல சொல்றேன்" என்று சொல்லலாம். சொன்னபடி சொல்லவும் வேண்டும், செய்தி மோசமாக இருந்தாலும்.

மேலிடத்தில் உங்கள் ஆட்களுக்காகப் பேசுங்கள். பையர் (ஆர்டர் கொடுத்தவர்) அவசரப்படுத்துகிறார் என்று ஒரு நாளில் முடியாத எண்ணிக்கையைச் சொன்னால் "முடியாது, காரணம் இது" என்று எண்களோடு சொல்லுங்கள். மேலே எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கீழே வந்து விரட்டுகிறவரை ஆட்கள் ஒரு வாரத்தில் அடையாளம் கண்டுவிடுவார்கள்.

இவ்வளவு செய்தும் நல்ல ஆப்பரேட்டர் ஒருவர் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகிறேன் என்கிறார். துரோகம்தானே?

இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் வேலை, கொஞ்சம் கூடுதல் சம்பளம், மெட்ரோவில் ஒரே வண்டி என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். முன்பெல்லாம் ஓய்வுக்காலப் பணிக்கொடை போய்விடும் என்ற பயத்தில் பலர் பிடிக்காத இடத்திலேயே கிடந்தார்கள். 2022 ஜனவரி முதல் உள்ளூர்த் தொழிலாளிகளுக்காக அதற்கென்று தனி நிதிக்கு முதலாளி மாதாமாதம் கட்டுகிறார், இடம் மாறினாலும் அந்தப் பணம் தொழிலாளியோடு கூடவே போகும். மிக நல்ல மாற்றம் இது. இப்போது உங்களோடு இருப்பவர் வேறு வழியில்லாமல் இருக்கவில்லை.

போகிறவரிடம் என்ன காரணம் என்று ஒரு முறை கேளுங்கள், பதிலைக் குறித்து வையுங்கள். மூன்று பேர் ஒரே பதிலைச் சொன்னால் சரிசெய்ய வேண்டியது எங்கே என்று தெரியும். பாக்கி லீவுப் பணம், போனஸ் பங்கு, வேலைச் சான்றிதழ் எல்லாவற்றையும் இழுக்காமல் கடைசி நாளிலேயே கையில் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். அவருடைய மெஷினுக்கு ஆள் தேட வேண்டியது உங்கள் வேலை. அதற்காக அவரை இன்னும் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகச் சொல்லிக் கெஞ்சலாம், மிரட்டக் கூடாது.